அருவியைச் சுருக்கினால் என்ன மிஞ்சும்?

ஐந்தருவியில் செல்போனில் எடுத்த வீடியோவை வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். ஓரத்துப் பாறையில் துண்டோடு நிற்கிற பெரியப்பா துல்லியமாக இருப்பார். அவருக்குப் பின்னால் விழுகிற தண்ணீர் மட்டும் சின்னச் சின்னக் கட்டங்களாக நொறுங்கிக் கிடக்கும். அதே வீடியோ வாட்ஸ்அப் வழியாக வந்திருந்தால் பெரியப்பாவின் முகமும் சேர்ந்து மெழுகிப் போயிருக்கும். போன் மட்டம் என்பார் ஒருவர், லென்ஸில் சாரல் பட்டுவிட்டது என்பார் இன்னொருவர். விலை கூடிய போனில், துடைத்த லென்ஸில் எடுத்தாலும் இது ஓரளவு நடக்கும். வீடியோவைச் சுருக்கும் கணிதத்துக்குக் குற்றால அருவியைப் போலக் கடினமான பரீட்சை குறைவு.

வீரகேரளம்புதூர்க்காரர்களுக்கு இந்தப் பரீட்சை வருடா வருடம் வரும். ஜூன் பிறந்து மேற்கே மலையில் மேகம் இறங்கி, தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டால் வேன் பிடிக்காத குடும்பம் ஊரில் உண்டா? அங்கே விழுகிற தண்ணீர் சிற்றாறாக நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். அங்கே எடுத்த வீடியோ போனில் தங்கிவிடும். சீசன் முடிந்ததும், துண்டு துண்டாகக் கிடக்கிற இதையெல்லாம் கோத்து ஒரு படமாக்கலாமே என்று யாராவது ஒருவருக்குத் தோன்றும். எந்த எடிட்டிங் மென்பொருள் நல்லது என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் அலங்காரத்தைப் பற்றியவை. இதில் 200 காட்சி மாற்ற அலங்காரங்கள் உண்டு, அதில் பூ பறக்கும், இன்னொன்றில் இதயம் துடிக்கும். குடும்ப வீடியோவுக்கு இவற்றில் முக்கால்வாசி தேவைப்படாது. நம் வீடியோவைத் திறக்கும்போதும், வெட்டும்போதும், திரும்ப எழுதும்போதும் ஒரு மென்பொருள் அதை என்ன பாடு படுத்துகிறது என்பதே பார்க்க வேண்டிய விஷயம். அதைப் புரிந்துகொள்ள, வீடியோ எப்படிச் சுருங்குகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

கணக்கு இது. முழு எச்டி படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்; எண்ணுக்கு ஒரு பைட். ஒரே ஒரு படத்துக்கு 62 லட்சம் பைட் ஆகிவிடுகிறது. நொடிக்கு 30 படம் என்றால் 18 கோடியே 66 லட்சம். ஒரு நிமிட வீடியோ 11 ஜிபியைத் தாண்டும். ஆனால் ஐபோனில் அதே ஒரு நிமிடம் எச்.264 முறையில் சுமார் 130 எம்பி, எச்.265 முறையில் சுமார் 60 எம்பிதான். முன்னது 2003இல் வந்த தரநிலை, பின்னது 2013இல் வந்தது. ஆக, போன் எண்பதில் ஒரு பங்கையோ நூற்றெண்பதில் ஒரு பங்கையோ வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டது. எறிந்தது நமக்குத் தெரியவில்லை என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

முதல் வெட்டு நிறத்துக்கு. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும். நிற வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை கிடையாது. அதனால் நான்கு புள்ளிகளுக்கு வெளிச்சத்தைத் தனித்தனியாக எழுதிவிட்டு, நிறத்தை மட்டும் நான்குக்கும் பொதுவாக ஒன்று எழுதுகிறார்கள். இதிலேயே அளவு பாதியாகிவிடும். கல்யாண வீடியோவில் அரக்குப் பட்டுப் புடவையின் பச்சைக் கரையை நிறுத்திப் பாருங்கள். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் லேசாகச் சாயம் கசிந்ததுபோல இருக்கும். பட்டு நெய்தவர் மேல் குற்றமில்லை.

இரண்டாவது வெட்டுக்குப் பின்னால் நம் பக்கத்து ஆட்களின் கதை இருக்கிறது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, 1972இல் ஒரு ஆய்வுக்குப் பண உதவி கேட்டு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். படத்தைப் புள்ளிகளாக எழுதாமல் அலைகளின் கலவையாக எழுதலாம் என்பது அவர் யோசனை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜனையும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து டெக்சாஸில் பேராசிரியராக இருந்த நண்பர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்தார். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் சில பக்கங்களே கொண்ட ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. தனிநிலைக் கொசைன் உருமாற்றம் என்ற அந்த முறையின் மேல்தான் பிறகு ஜேபெக் புகைப்படமும், விசிடியும், டிவிடியும் எழுந்தன. எச்.264, எச்.265 இரண்டும் அதன் முழு எண் வடிவங்களைத்தான் பயன்படுத்துகின்றன. உலகத்தில் இன்றைக்குப் பார்க்கப்படுகிற வீடியோவில் மிகப் பெரும்பகுதி இந்தக் கணக்கு வழியாக வந்ததுதான். அகமது, நடராஜன், ராவ் என்ற பெயர்களை நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் கண்டதில்லை. அது வேறு கதை.

அந்த முறை செய்வது இதுதான். படத்தை எட்டுக்கு எட்டு என்று 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்த எண்கள் அதில் மெதுவாக மாறும் சாயல். கடைசி எண்கள் மிக நுணுக்கமான ஏற்ற இறக்கம். வெள்ளையடித்த சுவர், தெளிந்த வானம், கன்னம் போன்ற இடங்களில் கடைசி எண்கள் ஏறக்குறையச் சுழியாகவே இருக்கும், எழுத வேண்டியதில்லை. நுணுக்கம் இருந்தாலும் கொஞ்சம் மொத்தையாக்கி எழுதினால் கண்ணுக்கு உடனே தெரியாது. இடம் போதாதபோது மென்பொருள் இந்த நுணுக்க எண்களைத்தான் முதலில் பலி கொடுக்கும். ஒரேயடியாகப் பலி கொடுத்தால் சராசரி வெளிச்சம் மட்டும் மிஞ்சி, கட்டம் கட்டமாகத் தெரியும். அருவியில் நாம் பார்த்த சதுரங்கள் அவைதான்.

மூன்றாவது வெட்டு எல்லாவற்றிலும் பெரியது. நொடிக்கு 30 படம் எடுக்கிறோம். அடுத்தடுத்த படங்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. பெரியப்பா கையைத் தூக்கினால் கை மட்டும் நகர்ந்திருக்கும். மளிகைக் கடைக்காரர் நாள்தோறும் முழு இருப்பையும் எண்ணி எழுதுவதில்லை. மாதத் தொடக்கத்தில் ஒரு முறை எண்ணி எழுதிவிட்டு, அப்புறம் வந்தது போனதை மட்டும் வரவு செலவாக எழுதிக்கொண்டே போவார். வீடியோக் கோப்பும் அப்படித்தான். அவ்வப்போது ஒரு முழுப் படம், நடுவில் மாற்றங்கள் மட்டும். மாற்றத்தை எழுதுவதற்கும் ஒரு வழி உண்டு. எச்.264 படத்தைப் பதினாறுக்குப் பதினாறு கட்டங்களாகப் பிரித்து, இந்தக் கட்டம் முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று அக்கம்பக்கத்தில் தேடும். கிடைத்துவிட்டால் ‘அங்கிருந்து இவ்வளவு தள்ளி வந்திருக்கிறது’ என்று இரண்டு எண்களை எழுதினால் போதும்.

இந்தத் தேடல் அருவியில் தோற்றுப்போகிறது. விழுகிற தண்ணீர் உடைந்து, தெறித்து, காற்றில் புகையாகி, நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் வேறு உருவம் எடுத்துவிடுகிறது. முந்தைய படத்தில் இதற்கு ஜோடி எங்கும் இல்லை. ஆகவே கட்டத்தைக் கிட்டத்தட்டப் புதிதாகவே எழுத வேண்டும். அதிலும் அருவி முழுக்க நுணுக்கம்; கடைசி எண்கள் எல்லாம் பெரியவை. எழுத வேண்டியது மலையாகக் குவிகிறது. போனோ நொடிக்கு இவ்வளவு பிட் என்று ஏறக்குறைய ஒரே அளவைத்தான் ஒதுக்குகிறது. வீட்டுத் திண்ணைக்கும் பேரருவிக்கும் அதே ஒதுக்கீடு. திண்ணையில் மிச்சமாகும், அருவியில் பற்றாது. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் காற்றடிக்கும்போது எடுத்த வீடியோவுக்கும் இதே கதிதான். ஆயிரம் பூக்கள் ஆயிரம் விதமாக ஆடினால் எந்தக் கட்டத்துக்கு ஜோடி தேடுவது? கல்யாணத்தில் அட்சதை விழுகிற அந்த நொடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் வீடியோ எடுத்தே தீருவோம் என்று நிற்கிற தருணங்களுக்கும் சுருக்கும் கணிதம் திணறுகிற தருணங்களுக்கும் இப்படி ஒரு பொருத்தம்.

எடுக்கும்போதே இதைக் கொஞ்சம் தணிக்கலாம். ஆட்களைப் பெரிதாகவும் அருவியைப் பின்னால் கொஞ்சமாகவும் வைத்து எடுத்தால் ஒதுக்கீடு முகங்களுக்குப் போகும். போனில் ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்ற வசதி இருந்தால் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். தண்ணீர் இழுபட்டுப் பட்டுத்துணி போலப் பதியும், நுணுக்கம் குறைவதால் கட்டமும் குறையும். எடுத்து முடித்த பிறகு எந்த மென்பொருளும் போன நுணுக்கத்தைத் திருப்பித் தராது.

எடிட்டிங் விஷயத்துக்கு வருவோம். அந்த மளிகைக் கணக்கின் நடுப்பக்கத்தை மட்டும் கிழித்து ஒருவரிடம் கொடுத்தால் அவருக்கு இருப்பு தெரியாது. வீடியோவை நடுவில் வெட்டுவதும் அதேதான். வெட்டிய இடத்தில் இருப்பது மாற்றக் குறிப்பு. அதைப் படமாக்க அதற்கு முந்தைய முழுப் படத்திலிருந்து விரித்துக்கொண்டு வர வேண்டும். பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்கள் என்ன செய்யும் என்றால், எல்லாவற்றையும் விரித்து, வெட்டி ஒட்டி, கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சுருக்கி எழுதும். ஸ்டுடியோக்காரர்கள் ரெண்டர் என்று சொல்வது இதைத்தான். ஏற்கனவே எண்பதில் ஒரு பங்காக ஆகிவிட்டதை இன்னொரு முறை சுருக்குகிறோம். ஒரு முறை என்றால் பரவாயில்லை. போனில் ஒரு செயலியில் வெட்டி, இன்னொன்றில் பாட்டுச் சேர்த்து, மூன்றாவதில் பெயர் போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து எடுத்து மறுபடி ஒட்டினால் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் போகும். அந்தக் காலத்தில் டெக்கிலிருந்து டெக்குக்குக் கேசட் நகல் எடுக்க எடுக்கப் படம் வெளுத்துக்கொண்டே போனது நினைவிருக்கும். டிஜிட்டலுக்கு அந்த நோய் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோப்பை அப்படியே நகலெடுத்தால்தான் இல்லை. மறுபடி சுருக்கினால் உண்டு.

இதனால் ஒரு முடிவு உடனே கிடைக்கிறது. வெறுமனே முன்னும் பின்னும் நறுக்கி, துண்டுகளை வரிசையாகச் சேர்ப்பது மட்டும் வேலை என்றால் பெரிய மென்பொருளே வேண்டாம். லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் கோப்பை விரிக்காமலே வெட்டும். தரம் ஒரு துளி குறையாது, வேலையும் நொடிகளில் முடியும். ஒரு கட்டுப்பாடு உண்டு: முழுப் படம் இருக்கிற இடத்தில்தான் சுத்தமாக வெட்ட முடியும். செல்போன்களில் அது பெரும்பாலும் நொடிக்கு ஒன்று வருவதால் நாம் நினைத்த இடத்துக்கு ஒரு நொடி முன்னே பின்னே ஆகும். குடும்ப வீடியோவில் ஒரு நொடி யாருக்கு நஷ்டம்? ஒரே போனில் ஒரே அமைப்பில் எடுத்த துண்டுகளாக இருந்தால் சேர்ப்பதும் சிக்கலில்லை. என் கணிப்பில் பாதிப் பேருக்கு இதற்கு மேல் தேவையே இல்லை.

பாட்டு, பெயர், படத்துக்குள் படம் என்று வந்தால் முழு மென்பொருள் வேண்டும். அப்போது முதல் கேள்வி கணினியைப் பற்றியது. தென்காசி மாவட்டத்துப் பல வீடுகளில் இருக்கிற கணினி, 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த இலவச மடிக்கணினிதான். படிக்கக் கொடுத்தது, வீடியோவுக்குச் செய்ததில்லை. டாவின்சி ரிசால்வ் என்று ஒன்று இருக்கிறது. ஹாலிவுட் படங்களுக்கு நிறம் சரிசெய்யப் பயன்பட்ட கருவி. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் வாங்கி, பின்னர் இலவசப் பதிப்பும் விட்டது. இலவசமாகக் கிடைப்பதில் இவ்வளவு திறன் வேறெதிலும் இல்லை என்பது உண்மை. ஆனால் நினைவகம் குறைந்தது 16 ஜிபியும், நல்ல கிராஃபிக்ஸ் அட்டையும் கேட்கும். 4 ஜிபி மடிக்கணினியில் அதை ஏற்றுவது வீண் வேலை.

அந்தக் கணினிகளுக்கு ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் பொருந்தும். இரண்டும் இலவசம், இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இவற்றில் பிராக்சி என்ற ஒரு வசதி உண்டு. மெதுவான கணினி வைத்திருப்பவர்கள் இதை முதலில் தேட வேண்டும். மூல வீடியோவுக்குச் சின்னதாக ஒரு பதிலி நகல் செய்துகொண்டு, வெட்டுவதும் ஒட்டுவதும் அந்தப் பதிலியின் மேல் நடக்கும். கடைசியில் எழுதும்போது மட்டும் மூலக் கோப்பைத் தொடும். பதிலி சிறியது என்பதோடு, எளிதில் விரியும்படி எழுதப்பட்டிருக்கும். எச்.265 வீடியோவைப் பழைய கணினியில் ஓட்டினால் படம் தத்தித் தத்தி நகர்வதற்குக் காரணம் கோப்பின் பருமன் இல்லை, விரிக்கிற கணக்கின் பருமன். கோப்பு சிறிதாகச் சிறிதாக அதை விரிக்கும் வேலை பெரிதாகிறது.

ஊர் ஸ்டுடியோக்காரர்களைக் கேட்டால் எடியஸ் என்பார்கள், அல்லது பிரீமியர் என்பார்கள். கல்யாண வீடியோ மிக்சிங் செய்து பிழைக்கிறவர்களுக்கு அவை சரி. பல கேமராக்கள், பல விதக் கோப்புகள், நாளைக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடி இவற்றுக்காகவே உருவானவை அவை. வருடத்துக்கு இரண்டு காதுகுத்து, ஒரு குற்றாலம் என்று போகிற வீட்டுக்குப் பணம் கட்டி வாங்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

செல்போன் செயலிகளைக் கேலி செய்ய மாட்டேன். அவற்றில் பலதும் வேகமானவை, பழக எளிதானவை. ஆனால் ஒரு எச்சரிக்கை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் டிக்டாக்கைத்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வீடியோ எடிட் செய்கிற விவாவீடியோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கு முன்பே, 2000இல் விண்டோஸோடு வந்து நம்மில் பலருக்கு எடிட்டிங்கை அறிமுகப்படுத்திய மூவி மேக்கருக்கு 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் முடிவு கட்டியது. மென்பொருள் போகும், வரும். பாதி எடிட் செய்து வைத்திருக்கிற புராஜெக்ட் கோப்பு அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரியும் மொழியில் இருக்கிறது. அதில் வீடியோவே இல்லை, எதை எங்கே வெட்டினோம் என்ற குறிப்புதான் இருக்கிறது. முடித்து எழுதிய எம்பி4 கோப்பு மட்டுமே எங்கும் ஓடும். எடிட்டை முடிக்காமல் போட்டுவைப்பது குடும்ப வீடியோவுக்கு நேரும் மிகச் சாதாரணமான சாவு.

இனி மூன்று சோதனைகள். எந்த மென்பொருளை இறக்கினாலும் முதலில் இவற்றைச் செய்து பாருங்கள்.

ஒன்று, நீளமான செல்போன் வீடியோ ஒன்றைப் போட்டு உதடும் ஒலியும் கடைசிவரை சேர்ந்து போகிறதா என்று பார்ப்பது. செல்போன் நொடிக்கு 30 படம் என்று சொல்லுமே தவிர, கண்டிப்பாக 30 எடுக்காது. வெளிச்சம் குறைந்தால் படத்துக்குப் படம் இடைவெளியை நீட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் சராசரி 29.9 ஆகிவிட்டது என்று வையுங்கள். பத்து நிமிடத்தில் 17,940 படம். மென்பொருள் அதைக் கண்மூடித்தனமாக 30 என்று எடுத்துக்கொண்டால் 598 நொடியில் படம் முடிந்துவிடும். ஒலி 600 நொடி ஓடும். கடைசியில் தவில்காரர் கை ஓங்கி அடித்து இரண்டு நொடி கழித்துச் சத்தம் வரும். ஷாட்கட்டும் கேடென்லைவும் இந்தக் கோணல் வீதத்தைக் கண்டுபிடித்து, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும். கேட்காத மென்பொருளாக இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் முதலில் நிலையான வீதத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீதத்தால் வரும் இன்னொரு தொல்லையும் உண்டு. இரவில் நம் ஊர் நவநீதகிருஷ்ணன் கோயிலில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடினால் அது எடிட்டிங்கில் தீராது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று; விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 30 என்ற வீதம் அதோடு ஒத்துப்போகாது. எடுக்கும்போதே வீதத்தை 25க்கு மாற்றினால் பட்டை ஓடாமல் நிற்கும்; ஷட்டரை ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று என்று வைத்தால் பட்டையே போய்விடும்.

இரண்டாவது சோதனைக்கு நம் ஊர்ப் பெயரே போதும். தலைப்பு போடும் இடத்தில் ‘வீரகேரளம்புதூர்’ என்று தட்டுங்கள். ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் விழுந்தாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று நடுவில் தோன்றினாலோ அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து கோக்கத் தெரியவில்லை என்று பொருள். யூனிகோடில் ‘கே’ என்பது ககரமும் அதன் பின் கொம்பும் என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் இடம் மாற்றி வரைவது மென்பொருளின் வேலை. ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் இது ஒழுங்காக நடக்கிறது. பிரீமியரில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போட வேண்டியிருக்கும். ஸ்டுடியோக்களில் செந்தமிழ், பாமினி என்று பழைய எழுத்துருக்களை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

மூன்றாவது, அருவிச் சோதனை. உங்களிடம் இருப்பதிலேயே தண்ணீர் அதிகமாக விழுகிற வீடியோவில் 20 நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் போட்டு எதையும் மாற்றாமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மூலத்தையும் புதியதையும் பெரிய டிவியில் போட்டு ஒரே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். திண்ணையில் எடுத்த வீடியோவில் எல்லா மென்பொருளும் நல்லவைதான். அருவியில் குணம் தெரிந்துவிடும். பல மென்பொருள்கள் நொடிக்கு இவ்வளவு பிட் என்ற ஒரே அளவை எல்லாக் காட்சிக்கும் வைத்து எழுதும். எந்தக் காட்சியானாலும் தரம் இவ்வளவு இருக்க வேண்டும், பிட் எவ்வளவு ஆனாலும் ஆகட்டும் என்று சொல்கிற இன்னொரு வழி இருக்கிறது. தரம் அல்லது சி.ஆர்.எஃப் என்ற பெயரில் அது அமைப்புகளில் இருக்கும். எச்.264க்குப் பரவலாகப் பயன்படும் எக்ஸ்264இல் இதன் இயல்பான எண் 23. எண் குறையக் குறையத் தரம் ஏறும். பாதுகாத்து வைக்கிற படத்துக்கு 18 என்று வைத்தால் மூலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். கோப்பு பெருக்கும்தான். அருவி இருக்கிற இடத்தில் மட்டும் பெருக்கும், திண்ணையில் சிறுக்கும். இந்த வசதியை மறைத்து வைத்திருக்கிற மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உறவினருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் மறுசுருக்கம் இல்லாமல் அப்படியே போகும். 2 ஜிபி வரை இடம் கொடுக்கிறது.

கடைசியாகக் கேசட். கல்யாண வீடியோ என்று 90களில் எடுத்து, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிற விஎச்எஸ் கேசட்டுகளையும் இந்தப் படத்தில் சேர்க்க நினைப்பவர்கள் இருப்பார்கள். அந்த வீடியோ வேறு இலக்கணத்தில் எழுதப்பட்டது. நம் நாட்டு பால் முறையில் நொடிக்கு 25 படம்; ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று நொடிக்கு 50 தடவை எடுக்கப்பட்டது. பழைய குழாய் டிவி அதை அப்படியே வரி மாற்றி வரி வரைந்ததால் கண் ஏமாந்தது. இன்றைய திரை இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் காட்டும். இரண்டுக்கும் நடுவில் மாப்பிள்ளை கை நகர்ந்திருப்பதால் கையின் ஓரம் சீப்புப் பல் போலப் பிரிந்து தெரியும். இதைச் சரிசெய்ய டீஇன்டர்லேஸ் வசதி உள்ள மென்பொருள் வேண்டும். இருக்கிற 50 பாதிகளையும் 50 முழுப் படங்களாக்கச் சொன்னால் அசைவின் வழவழப்பு கெடாது. பாதிகளில் எது முதல் என்பதைத் தவறாகக் கொடுத்தால் நடப்பவர் முன்னும் பின்னும் உதறுவார். உதறினால் மாற்றிக் கொடுங்கள், அவ்வளவுதான்.

அளவிலும் ஒரு பொறி. டிஜிட்டலாக்கிய பால் வீடியோ 720க்கு 576 புள்ளிகள். ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை இல்லை. மென்பொருளிடம் இது 4:3 வடிவம் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் அகலத் திரைக்கு இழுத்து நிரப்பினால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் திடீரென்று பருத்துவிடுவார்கள். இருபுறமும் கறுப்பாக விட்டுவிடுவதே மரியாதை.

மென்பொருளைவிடக் கேசட்டும் டெக்கும்தான் அவசரம். விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களைப் படிக்கும் கருவிகள் 2025 வாக்கில் அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019இல் எச்சரித்தன. அந்த ஆண்டும் கடந்துவிட்டது. சாரல் ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியே நாடாச் சுருளில் வெள்ளை மாவு தெரிந்தால் அதை டெக்கில் போட வேண்டாம். நாடா அறுவதோடு டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பரவும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எடிட்டிங்கை அடுத்த சீசனில்கூடச் செய்துகொள்ளலாம். ஓடுகிற டெக் உங்கள் தெருவில் யார் வீட்டில் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்து, கேசட்டைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். ஏற்றிய கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கிற அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.